சாட்டையடித்த கோடாங்கியும் காதுகொடுத்துக் கேட்ட டாக்டரும்

பர்மா சண்டையில் என் பக்கத்தில் படுத்திருந்தவன் தலை குண்டில் சிதறி என் முகத்தில் அடித்தது. ஊர் திரும்பியும் ராஜபாளையம் மில் சங்கு ஊதினாலே தரையில் விழுந்து அலறுவேன். பேய் பிடித்திருக்கிறது என்று மாமனார் கோடாங்கியிடம் இழுத்துப் போனார்.

"ஏலே, செத்தவன் பேரைச் சொல்லு" என்று அவன் சாட்டையால் விளாசினான். கெஞ்சியும் நிறுத்தவில்லை. அவன் கழுத்தைப் பிடித்து நெரித்தேன். மாமனார் என்னைப் பிய்த்து எடுக்காதிருந்தால் அவன் பிணம், எனக்குத் தூக்கு.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் ஒருவரிடம் போனேன். அவர், "நடந்ததைச் சொல்லும். முடியலைன்னா கையைத் தூக்கும், நிப்பாட்டிருவோம்" என்றார். பல வாரம் கையைத்தான் தூக்கினேன். ஒருநாள் முழுதும் சொல்லி முடித்தேன். சங்குக்கு உடம்பு இன்னும் நடுங்கும், விழுவதில்லை.

இப்போது பட்டாளத்திலிருந்து திரும்பிய எவனை வைத்தியத்துக்குக் கூட்டிப் போனாலும் நானும் போகிறேன். "இவன் போதும்னா நிப்பாட்டுவீரா?" என்று முதலில் வைத்தியரைக் கேட்பேன். அவர் யோசித்தால், அவனைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுவேன்.