பிரான்சிலிருந்து வந்த ஊசிப்பேனா

மருந்துக்கடையில் விற்பதைவிட விற்காமல் அனுப்புவதுதான் பெரிய வேலை; என்னைப்போலக் கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வலித்த உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஊசிமுனை மட்டும்

தருமபுரத்து ஸ்டெல்லா டீச்சர் ஒருநாள் வந்து, ஊசிமருந்து அடைத்த பேனாவில் மாட்டுகிற ஊசிமுனை மட்டும் கேட்டார். உடம்பு இளைக்கிற ஊசியாம். பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த அக்கா, தான் போட்டுக்கொண்டிருந்த பேனாவைத் தங்கையிடம் விட்டுப்போயிருக்கிறார். டீச்சரின் மகள் கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. முனையை மாற்றினாலும் ஒருவர் பேனாவை இன்னொருவர் போடக்கூடாது, டாக்டர் பார்க்காமல் ஆரம்பிக்கவே கூடாது என்று சொல்லி, முனையைக் கொடுக்க மறுத்தேன். டீச்சர் சிரித்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தானே அண்ணே, அக்காவோட டாக்டர் சீட்டு எனக்குச் செல்லாதா?"

வாந்தி மாத்திரை

அடுத்த வாரம் அவர் கணவர் சவரி வாந்தி மாத்திரை கேட்டு வந்தார். ஊசிமுனை வேறு கடையில் கிடைத்துவிட்டது. அக்கா பல மாதமாகப் படிப்படியாக ஏற்றிய அளவை டீச்சர் முதல் நாளே போட்டுக்கொண்டிருக்கிறார். விவரத்தாள் பிரெஞ்சில் இருந்தது. அந்த வீட்டில் பிரெஞ்சு படித்த ஒரே ஆள் டீச்சரின் மாமனார், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். தண்ணீர் குடித்தாலே வாந்தி. மாத்திரைக்குப் பதில் உப்புச்சர்க்கரைப் பாக்கெட்டைக் கொடுத்து, இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்றேன். மனிதர் தலையைச் சொறிந்தார்.

"வாந்தி வந்தாத்தான் மருந்து வேலை செய்யுதுங்கிறா, நான் என்னங்க பண்றது?"

வாய்வு சிரப்

மூன்றாம் நாள் மறுபடி சவரி. வாய்வு சிரப் வேண்டுமாம். டீச்சருக்கு மேல்வயிற்றில் பிடித்த வலி முதுகுக்குப் போகிறது, நிமிர முடியவில்லை என்றார். அலமாரிக்குப் போன கையை இழுத்துக்கொண்டேன். என் மனைவிக்கு இதே வலி வந்தபோது ஒரு பகல் முழுக்க வாய்வு மருந்துதான் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஷட்டரை இறக்கிவிட்டு, ஆட்டோ பிடித்து அவர்கள் வீட்டுக்குப் போய், டீச்சரை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கணையத்தில் வீக்கம் என்றார்கள். இந்த ஊசியை இனித் தொடவே கூடாது என்றார் டாக்டர். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, டீச்சர் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"கல்யாண ஜாக்கெட்டை இளைச்ச அளவுக்குத் தைக்கக் கொடுத்துட்டேனே அண்ணே."

மிச்சம்

கல்யாணம் முடிந்து டீச்சர் ஸ்வீட்டோடு வந்தார். பழைய ஜாக்கெட்டோடுதான் போட்டோவுக்கு நின்றாராம். பேனாவை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஸ்வீட் டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

"வீணாப் போகுதேன்னு வரிச்சிக்குடி நாத்தனாருக்குக் கொடுத்துட்டேன், அவளுக்குக் கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயிறு."

அன்றைக்கே வரிச்சிக்குடிக்கு பஸ் ஏறி, நாத்தனார் போட்டுக்கொள்வதற்குள் பேனாவை வாங்கி வந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் விற்ற மருந்து எதுவும் என்னை இப்படி அலையவிட்டதில்லை, விற்காத மருந்துதான் அலையவிட்டது.