வலி இல்லாத ரத்தம்

சென்ற புதன்கிழமை காலை, திருநகரில் என் வீட்டு வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. மாடியில் குடியிருக்கும் செல்வியைத் தலைப்பிரசவத்துக்காகச் சோழவந்தானுக்கு அழைத்துப் போக அவள் தந்தை முத்தையா வந்திருந்தார். வளைகாப்பு முடிந்துவிட்டது; இனி தாய்வீடுதானே?

பை, பலகாரத் தூக்கு, தலையணை... எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. கடைசியாக இறங்கி வந்த செல்வி என்னருகே நின்றாள். அவளுடைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைப் படித்துச் சொல்பவன் நான்தான்.

“பெரியப்பா, காலைல லேசா ரத்தம் பட்டுச்சு. வலியெல்லாம் இல்ல. போகலாம்ல?”

முத்தையா முந்திக்கொண்டார். “வலி இல்லேன்னா ஒண்ணுமில்லண்ணே. இவ ஆத்தா ஒம்பதாம் மாசமும் கொடிக்கால் வேலைக்குப் போயி வெத்தல கிள்ளுனவ. பத்தேகாலோட நல்ல நேரம் முடியுது. ஏறு தாயி.”

நான் ரிப்போர்ட்டை எடுத்து வந்து விளக்கினேன். குழந்தைக்கு உணவும் பிராணவாயுவும் கொடுப்பது நஞ்சுக்கொடி. பெரும்பாலும் அது கருப்பையின் மேற்பகுதியில் ஒட்டியிருக்கும். செல்விக்கோ, கீழே அமைந்து கருப்பையின் வாயையே மூடியிருந்தது. அப்படியிருந்தால் வலியே இல்லாமல் ரத்தம் போகும்; துளியாகத் தொடங்குவது சில நிமிடங்களில் பெருகி, இரண்டு உயிர்களையும் கொண்டுபோய்விடலாம்.

முத்தையா சிரித்தார். “படிச்சவுகளுக்கு இம்புட்டுப் பயமாண்ணே?”

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கர்ப்பமாயிருந்த என் ஒரே மகள் இதையே சொன்னபோது, முனைவர் பட்டம் பெற்ற நான் பயப்படவில்லை. “வலி இல்லையேம்மா, சாயங்காலம் டாக்டரிடம் போவோம்” என்றேன். சாயங்காலம் வரை அவள் இருக்கவில்லை.

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியில் இதை எழுதியதில்லை. யாரிடமும் சொன்னதுமில்லை. அன்று முத்தையாவிடம் சொன்னேன்.

அவர் செல்வியைக் கைப்பிடித்து வண்டியில் ஏற்றினார். பிறகு டிரைவரிடம், “மாப்ள, வண்டிய ஆஸ்பத்திரிக்கு விடு” என்றார்.

செல்வியைப் படுக்கையில் சேர்த்த அரைமணி நேரத்தில் ரத்தப்போக்கு அதிகமாயிற்று. ரத்தம் ஏற்றி, மருந்தும் கொடுத்த பிறகு போக்கு நின்றது. சிசேரியன் ஆபரேஷன் வரை அங்கேயே இருக்க வேண்டுமாம். அவள் அம்மா பாயோடும் சோற்றுத் தூக்கோடும் வார்டுக்கே வந்துவிட்டார். “தாய்வீட்டத் தூக்கிட்டு வந்துட்டோம்ணே” என்கிறார் முத்தையா.

கர்ப்ப காலத்தில் ரத்தம் பட்டால் வலி வரட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். எத்தனை பட்டம் பெற்றவர் சொன்னாலும்.

நேற்றுப் பார்க்கப் போயிருந்தேன். “பெரியப்பா, பொம்பளப் புள்ளன்னா நீங்கதான் பேரு வைக்கணும்” என்றாள் செல்வி.

ஒரு பெயர்தான் நினைவுக்கு வந்தது. வேறு பெயர் யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு வந்தேன்.