திரும்பி நின்ற கப்பல்

மூச்சை அடக்கிக்கொண்டுதான் இராயப்பன் தாளைத் தூக்குவார். அதற்கு முன்னால் சூலியா தெருவைப் பார்த்திருக்கும் கடைக் கதவைச் சாத்துவார், சன்னலையும் சாத்துவார். மூக்கையும் வாயையும் சேர்த்துக் கைக்குட்டையால் கட்டிக்கொள்வார். பினாங்கு வெக்கையில் பூட்டிய அறைக்குள் உட்கார்ந்து, நெற்றி வியர்வை தாள்மேல் சொட்டாதபடி தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அவர் வேலை செய்வதைப் பார்த்தால் யாருக்கும் பாவமாக இருக்கும். அந்த நேரத்தில் கதவைத் தட்டியவனுக்கு நல்ல வசவு கிடைக்கும்.

படத்துக்குச் சட்டம் போடுகிறவர்கள் அந்த வட்டாரத்தில் ஏழெட்டுப் பேர் உண்டு. ஆனால் பின்னால் விரலை வைத்தால் முன்னால் தெரிகிற மெல்லிய தாள் என்றால், "ராயப்பண்ணன்கிட்ட கொண்டு போ" என்று அவர்களே கைகாட்டிவிடுவார்கள். சீனத்துக் காண்டனிலிருந்து வரும் வண்ணத்துப்பூச்சிப் படங்கள் அந்த வகைதான். ஈரம் பட்டால் சுருண்டுகொள்ளும், இழுத்தால் கிழியும். இராயப்பன் மேல் மூலைகள் இரண்டில் மட்டும், சுண்டுவிரல் நக அளவுக்குச் சவ்வரிசிக் கஞ்சி தொட்டு ஒட்டுவார். கீழ்ப்பக்கம் சும்மா தொங்கும்.

"நாலு பக்கமும் ஒட்டினா தாளு செத்துரும்லா. மழைக்கு உப்பணும், வெயிலுக்குச் சுருங்கணும். நமக்கு மட்டும்தான் மூச்சா?" என்பார்.

இத்தனூண்டு பசை ஒரு சுருட்டுப் பிடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். ஆனால் படத்தை வாங்க வருகிறவர்களிடம் அவர், "இன்னும் காயல. நாளைக்கு வாங்க" என்பார். மறுநாள் வந்தாலும் அதே பாட்டுத்தான். வந்தவரை உட்கார வைத்து, காப்பி வரவழைத்து, மழை, கப்பல், ஊர் வம்பு என்று பொழுது சாயும்வரை பேசுவார். தெருக்காரர்கள் விடுவார்களா? எந்த வேலை இழுத்துக்கொண்டே போனாலும் அதற்கு 'ராயப்பன் பசை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மனைவி அமலம்மாள் காய்ச்சலில் போய்ப் பதினொரு வருடமாகிறது. பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்தால், அடுத்த ஞாயிறுவரை அவரைத் தேடிவர ஒரு நாதி கிடையாது. படம் கைமாறிவிட்டால் வந்தவர் மறுபடி எதற்கு வரப்போகிறார்?

நாகூர் மீரான் துறைமுகத்துக் கிட்டங்கி ஒன்றில் மூட்டைகளுக்கு முத்திரை குத்துகிறவன். முப்பது வயதுகூட ஆகவில்லை. ஊரிலிருந்து மனைவி அனுப்பிய தாள் ஒன்றை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். கப்பல் படம். ஆனால் கோடு என்று ஒன்றுகூடக் கிடையாது. அடிப்பாகம், பாய், கொடி எல்லாமே பொடிப்பொடி அரபு எழுத்து. மை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஊறியிருந்தது.

"பார்த்துச் செய்யுங்கண்ணே. இது கிழிஞ்சா இன்னொன்னு கெடையாது" என்றான்.

எட்டு நாள் வந்தான் மீரான். ஆறாம் நாள் வறுத்த கடலை வாங்கி வந்தான். இரண்டு பேரும் கொறித்துக்கொண்டே பேசினார்கள். அதற்குப் பிறகு இராயப்பன் மத்தியானமே சட்டை மாற்றிக்கொண்டு காத்திருக்க ஆரம்பித்தார். படம் என்னவோ முதல் நாளே தயாராகி, அலமாரிக்குள் துணி போர்த்திக் கிடந்தது. ஒன்பதாம் நாள் மீரான், "காயாட்டிப் பரவாயில்லண்ணே, கண்ணுலயாவது காட்டுங்க" என்று பிடிவாதம் பிடித்தான். வேறு வழியில்லாமல் எடுத்துக் காட்டினார்.

மீரானின் முகம் சுண்டிப்போனது.

"அண்ணே, கப்பல் திரும்பி நிக்குதே. எழுத்தெல்லாம் எடம்வலம் மாறியிருக்கே."

இராயப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வழவழப்பான பக்கம்தான் தாளின் முகம் என்பது அவருடைய இருபத்தைந்து வருடப் பாடம். அந்தப் பெண்ணோ, பேனா வழுக்கக் கூடாதென்று சொரசொரப்பான பக்கத்தில் எழுதியிருந்தாள்.

"உங்க அரபு எனக்கு எங்க தம்பி தெரியும்?" என்றார்.

"எழுத்துதாண்ணே அரபு. பேச்சு நம்ம தமிழ்தான். எங்க பொம்பளைங்க இப்படித்தான் எழுதுவாங்க."

"தமிழா?" எட்டு நாள் உலகத்துக் கதையெல்லாம் பேசியவர், இதை மட்டும் கேட்கவே இல்லை. "என்னதான் எழுதியிருக்கு?"

மீரான் கூச்சப்பட்டான். "போய்ட்டு வாங்க, போய்ட்டு வாங்க, போய்ட்டு வாங்க... கப்பல் பூரா அதுதாண்ணே. நான் கப்பலேறின அன்னிக்கு அழுதுக்கிட்டே இருந்ததுல, இதைச் சொல்ல விட்டுப்போச்சாம்."

இராயப்பன் எழுந்துபோய்க் கதவையும் சன்னலையும் சாத்தினார். பிரித்துத் திருப்பி ஒட்ட இன்னும் எட்டு நாள் கேட்டிருக்கலாம். இந்தத் தடவை சொல்ல நிஜமான காரணமே இருந்தது. மீரானும் முகம் சுளிக்காமல் வந்திருப்பான். "நாளை..." என்று வாயெடுத்தவர் விழுங்கிக்கொண்டார். சட்டத்தின் ஆணிகளைப் பிடுங்கினார். ஈரத் தூரிகையின் நுனியால் இரண்டு மூலைகளையும் தொட்டுத் தொட்டு நனைத்தார். முதல் மூலை விட்டுக்கொடுத்தது. இரண்டாவது கொஞ்சம் வம்பு பண்ணியது. மீரான் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு அதுவும் வந்தது. தாளில் ஒரு கீறல் இல்லை.

திருப்பி ஒட்டி, சுருட்டு ஒன்றைப் பிடித்து முடித்து, கண்ணாடி பொருத்தி ஆணி அடித்தார்.

"காஞ்சிருச்சு. எடுத்துக்கிட்டுப் போ தம்பி."

மீரான் சன்னலைத் திறந்து, வெளிச்சத்தில் படத்தைப் பிடித்துப் பார்த்தான். அப்புறம் படத்தை அக்குளில் இடுக்கிக்கொள்ளப் போனான். இராயப்பன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இதுல எது 'போய்ட்டு', எது 'வாங்க'?"

மீரான் காட்டினான். வலப்பக்கத்திலிருந்து படிக்க வேண்டுமாம். இராயப்பன் கண்ணாடிமேல் விரலை வைத்து, இடப்பக்கமாக மெல்ல நகர்த்தினார். "போய்ட்டு" என்று எழுத்துக்கூட்டினார். அடுத்த சொல்லுக்கு வந்ததும் படத்தைப் பார்க்கவில்லை, மீரானைப் பார்த்தார்.

"வாங்க" என்றார். விரலை எடுக்கவில்லை.