ஜாஃபர் வீட்டு அமானிதம்

கூத்தாநல்லூரில் பூட்டிக்கிடக்கும் வீடுகளுக்குக் குறைச்சல் இல்லை. வீட்டுக்காரர்கள் குவைத்திலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள்; சாவி உள்ளூரில் யாரிடமாவது இருக்கும். ஜாஃபர் சாதிக்கின் மாடிவீட்டுச் சாவி பத்தொன்பது வருஷமாக அஹமது கபீரிடம் இருந்தது. கபீர் ரைஸ்மில்லில் மூட்டை எடை போடுகிறவர், ஜாஃபரோடு ஒன்றாகப் படித்தவர்.

குடும்பத்தோடு குவைத்துக்குக் கிளம்பிய அன்று ஜாஃபர் சாவியைக் கபீர் கையில் வைத்து, "இது அமானிதம்டா கபீரு. உன் வீடா நெனச்சுக்க" என்றார். அமானிதம் என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். மறுமையில் அதற்குக் கேள்வி உண்டு. கபீர் முதலில் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். அடுத்ததை மரியாதைக்குச் சொன்னது என்று விட்டுவிட்டார்.

தேனை எடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான் என்று மில்லில் கேலி பேசினார்கள். நம்ம ஆள் அந்த ரகம் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் போய் ஜன்னல்களைத் திறப்பார், கூட்டுவார், துருத்தண்ணீர் போகும்வரை குழாயைத் திறந்துவிடுவார். தாகத்துக்குத் தன் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோவார். அந்தக் குழாயில் ஒரு வாய் குடித்தால் என்ன குடிமுழுகிவிடும்? கேட்கிற எனக்கே கோபம் வருகிறது.

கஜா புயலில் கபீரின் ஓட்டுவீட்டுக் கூரை போய்விட்டது. மனைவி லத்தீஃபாவுக்கு மூச்சிழுப்பு உண்டு. நனைந்த சேலையோடு நின்று எதிரே இருந்த மாடிவீட்டைப் பார்த்தாள்.

"ரெண்டு நாளைக்கு அங்க இருந்துக்குவோங்க. ஜாஃபரண்ணன் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"கேக்காம எப்படி? டவர் விழுந்து போனும் போகல. அமானிதம், லத்தீஃபா."

அவள் மறுபடி கேட்கவில்லை. கல்யாண மண்டபத்து ஈரத்தரையில் மூன்று நாள் கிடந்தார்கள். இழுப்பு முற்றி, பதினோராம் நாள் லத்தீஃபா மௌத்தானாள். ஜாஃபரிடம் போனில் அவள் இறந்ததை மட்டும் சொன்னார் கபீர். மண்டபத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் போய் ஜன்னல்களைத் திறந்தார். அவர் அழுது யாரும் பார்க்கவில்லை.

இந்த வருஷம் ஜாஃபரும் குவைத்திலேயே இறந்துபோனார். வீட்டை விற்க மகன் சுஹைப் வந்தான். கபீர் சாவியைக் கொடுத்து, கூடவே உள்ளே போனார்.

"தூசு தும்பு இல்லாம வச்சிருக்கீங்க மாமா" என்றான் சுஹைப். "புயல்ல உங்க கூரை போயிருச்சுன்னு கேட்டதும் அத்தா சொன்னாங்க, 'கபீரு நம்ம வீட்டுக்குப் போயிருப்பான், உன் வீடா நெனச்சுக்கன்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்'னு. கடைசி வரைக்கும் அவங்களுக்கு அது ஒரு நிம்மதி." பிறகு மெதுவாகக் கேட்டான். "மாமி எந்த ரூம்ல இருந்தாங்க?"

கபீர் கிழக்குப் பக்கத்து அறையைக் காட்டினார்.

"அங்கதான் தம்பி."

சுஹைப் அந்த வாசலில் நின்று துஆ கேட்டான். கபீரும் பக்கத்தில் நின்று கையேந்தினார். லத்தீஃபா அந்த அறைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை.