அப்பாவை எழுதித் தேறியவள்

சாப்பாட்டு மேசையில் மிரெலின் கை பாதியில் நின்றுவிடும். ப்ளாய் என்கிற மெல்லிய அப்பத்துக்கு வெண்ணெய் தடவி, சுருட்டி, வாய்க்குக் கொண்டுபோகிற நேரமாக இருக்கும். எதிரே அப்பா ஏதாவது சொல்லியிருப்பார், அல்லது தோளை மட்டும் குலுக்கியிருப்பார். உடனே சுருளைத் தட்டில் போட்டுவிட்டு, இடது கைச் சட்டையை ஏற்றி, மணிக்கட்டின் உள்பக்கம் பேனாவால் ஒரு வார்த்தை எழுதிக்கொள்வாள். எழுதியதும் சட்டையை இறக்கிவிடுவாள்.

"என்னடி அது, பச்சை குத்திக்கிறியா?" என்பாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. ஸ்கூல் வேலை."

"எங்க காலத்துல காப்பி அடிக்கத்தான் கையில எழுதுவோம்" என்று அப்பா தன் ஜோக்குக்குத் தானே சிரிப்பார். அந்தச் சிரிப்பும் அவள் கையில் ஏறும்.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தின் வடகோடியில், ஆற்றைத் தாண்டினால் கனடா என்றிருக்கிற எங்கள் ஊரில், மிரெல் டெரியோவைத் தெரியாதவர்கள் இல்லை. பதினாறு வயது. உயரத்தை மறைக்க எப்போதும் கூன் போட்டே நடப்பாள். மேல்சட்டைக் குல்லாயின் கயிற்றை மென்று மென்று நுனியை நாராக்கி வைத்திருப்பாள். யாராவது அவள் காலை மிதித்துவிட்டால் அவள்தான் 'சாரி' சொல்வாள். இத்தனை சாதுவான பெண் காகிதத்தில் இவ்வளவு பொல்லாதவளாக மாறுவாள் என்று யார் கண்டது?

எங்கள் பள்ளி ஆகஸ்டில் திறக்கும். திறந்த சூடு ஆறுவதற்குள் உருளைக்கிழங்கு எடுப்புக்காக மூடிவிடும். பிள்ளைகள் வயலுக்குப் போவார்கள். அறுவடை இயந்திரத்தின் மேல் நின்றுகொண்டு, ஓடுகிற பட்டையில் கிழங்கோடு கிழங்காக வரும் கல்லையும் கொடியையும் அழுகலையும் பொறுக்கி எறிவது மிரெலின் வேலை. அதே பண்ணையில் அவள் அப்பா நார்மன் லாரி ஓட்டுகிறார். விடுமுறை முடிந்ததும் ஆங்கில வகுப்பில் வருஷம் தவறாமல் ஒரே கட்டுரைதான்: எடுப்பு நாட்கள். எல்லாப் பிள்ளைகளும் அதே குளிரை, அதே சேற்றை எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

மிரெலும் அப்படித்தான் கொடுத்தாள். 'குளிராக இருந்தது. நிறையக் கிழங்கு. முதுகு வலித்தது.' தெற்கிலிருந்து புதிதாக வந்திருந்த ஹாத்தவே டீச்சர் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"முதுகு வலிச்சது சரிம்மா. உன் பக்கத்துல யார் இருந்தா? அவங்கள எனக்குக் காட்டு."

பக்கத்தில் அப்பா இருந்தார். லாரி சேற்றில் புதைந்த அன்று, பண்ணைக்காரரின் மகன், இருபத்தைந்து வயதுகூட நிரம்பாதவன், எல்லார் முன்னாலும் அவரைத் திட்டித் தீர்த்தான். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தொப்பிக் கோட்டுக்கு மேலே நெற்றி வெள்ளை, கீழே செங்கல் நிறம். மிரெல் அந்தக் கோட்டை எழுதினாள். வகுப்பில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. அவளுடையதைப் படித்தவள் கோரி வில்லெட். எதைப் படித்தாலும் 'ம், ஓகே' என்பதற்கு மேல் வாய் திறக்காதவள்.

"ஏய், தொப்பியக் கழட்டுற இடம் இருக்கே... எனக்கு என்னமோ பண்ணுச்சுடி."

அன்று மிரெலுக்குக் கால் தரையில் பாவவில்லை. சட்டைக் கைக்குள்ளே எழுதும் பழக்கம் அந்த வாரம்தான் தொடங்கியது.

அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஓய்வே இல்லை. அத்தை மகள் கல்யாணத்தில் அம்மா ஆட வரமாட்டேன் என்றதும் அவர் தனியாக ஆடியதை எழுதினாள். பண்ணையில் மேஸ்திரி வேலையைத் தனக்குக் கொடுக்கும்படி கேட்க, குளியலறைக் கண்ணாடி முன் அவர் ஒத்திகை பார்த்ததைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள், அதையும் எழுதினாள். வேலை வேறொருவருக்குப் போனது. கட்டுரைக்கு மாவட்டப் போட்டியில் முதல் பரிசான நீல ரிப்பன் வந்தது. வகுப்பில் பிள்ளைகள், "அடுத்த வாரம் உங்கப்பா என்ன பண்றாரு?" என்று தொடர்கதைக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி கேட்க ஆரம்பித்தார்கள். மிரெல் வெட்கத்தோடு சிரித்தாள். அது சந்தோஷ வெட்கம். மற்ற வெட்கம் பின்னால் வந்தது.

அதைக் கொண்டுவந்தவளும் கோரிதான்.

"நேத்து பெட்ரோல் பங்க்ல உங்கப்பாவப் பாத்தேன். நானே போயி கதவத் திறந்து விட்டேன். பாவம்டி அவரு."

"ஏன் பாவம்?"

"ஏனா? நீதானடி எழுதுன!"

அப்பாவைப் பாவம் என்று மிரெல் ஓரிடத்திலும் எழுதியதில்லை. அந்த வார்த்தையைப் போடாமலே அந்த எண்ணத்தை வரவழைப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று கற்றுக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் கற்றிருக்கிறாள்.

வீட்டில் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. "எழுத்துல பெரிய ஆளாயிட்டியாமே, எதப் பத்தி எழுதுற?" என்று ஒருநாள் கேட்டார்.

"கிழங்கு பத்திப்பா."

"கிழங்குல எழுத என்ன இருக்கு?"

"இருக்குப்பா."

மனுஷன் அதை அப்படியே நம்பினார். பண்ணைக் கிடங்கில் கூட வேலை செய்கிறவர்களிடம், "எம் பொண்ணு கிழங்க வச்சே ரிப்பன் வாங்கிட்டா. நம்மளும் இத்தன வருஷமா கிழங்கோடதான் கெடக்கோம், ஒரு கயிறு உண்டா?" என்று சொல்லித் திரிந்தார். இது காதுக்கு வந்த அன்று மிரெல் சாப்பிட உட்காரவில்லை. தலைவலி என்று சொல்லி மாடிக்குப் போய்விட்டாள்.

மே மாதம் கடைசி வேலை வந்தது. வருஷம் முழுக்க எழுதியதை எல்லாம் ஒரு கோப்பில் அடுக்கி, 'எழுத்தில் நான் எப்படி வளர்ந்தேன்' என்று முன்பக்கத்தில் எழுத வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு இது அரைமணி வேலை. முன்பெல்லாம் எனக்குப் பத்தி பிரிக்கத் தெரியாது, இப்போது தெரியும் என்று எழுதிவிட்டுப் பந்து விளையாடப் போனார்கள். மிரெல் உட்கார்ந்தாள். 'ஆகஸ்டில் எனக்கு விவரம் சேர்க்கத் தெரியாது' என்று தொடங்கி, அந்த விவரங்களைத் தேடிக் கோப்பைப் புரட்டினாள். தொப்பி, ஆட்டம், குளியலறைக் கதவு. நன்றாக வந்தது எல்லாமே அப்பா தலைகுனிந்த இடம். தன்னைப் பற்றி எழுதியவை மூன்றோ நாலோ இருந்தன. அவற்றில் அவள் ஒருபோதும் தலைகுனியவில்லை. காது மடல் எரிய ஆரம்பித்தது.

வாக்கியத்தை அடித்துவிட்டு வேறு எழுதினாள்: 'எங்கே கிள்ளினால் வலிக்கும் என்று தெரிந்துகொண்டேன். கிள்ளியது என் தோலை அல்ல.' எழுதி முடித்ததும் அது நல்ல வாக்கியம் என்று உள்ளே ஒரு குரல் மெச்சியது. அவமானத்தைக் கூட அழகாக எழுதிவிட்டுத் தட்டிக்கொடுத்துக் கொள்கிற தன்னை அவளுக்குச் சகிக்கவில்லை. அதையும் அடித்தாள். கடைசியில் பத்தி பிரிப்பதைப் பற்றியே எழுதிக் கொடுத்தாள்.

அதோடு போயிருக்கலாம். ஆனால் எங்கள் பள்ளியில் வருஷக் கடைசியில் பெற்றோர் மாலை என்று ஒன்று உண்டு. பிள்ளை தன் வளர்ச்சிக்குச் சாட்சியாக ஒரு கட்டுரையைத் தேர்ந்தெடுத்துப் பெற்றவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். டீச்சர் வாயைத் திறக்க மாட்டார். மிரெல் ஏப்ரலிலேயே, கோரி 'பாவம்' என்று சொல்வதற்கு முன்பே, பனிக்காலக் கட்டுரை ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பெயர் கொடுத்துவிட்டாள். எப்போதும் வருகிறவள் அம்மாதான். எதைப் படித்தாலும் சிரிப்பாள், கண்ணைத் துடைத்துக்கொள்வாள், காருக்குப் போவதற்குள் மறந்துவிடுவாள். அந்த வியாழக்கிழமை பார்த்து முதியோர் இல்லத்தில் அம்மாவுடன் வேலை செய்பவளுக்குக் காய்ச்சல். அப்பா வந்தார். தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, சர்ச்சுக்குப் போடும் சட்டையைப் போட்டிருந்தார்.

"கிழங்கு கட்டுரைய இன்னிக்குத்தான் கேக்கப் போறேன்" என்று நூலகத்தின் சின்ன நாற்காலியில் கஷ்டப்பட்டு உட்கார்ந்தார்.

ஹாத்தவே டீச்சர் அவர் கையிலும் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டுப் போனார். மிரெல் இதை எதிர்பார்க்கவில்லை. சிக்கலான பத்தியைத் தாண்டிப் படித்துவிடலாம் என்றுதான் தெம்பாக இருந்தாள்.

படிக்க ஆரம்பித்தாள். ஜன்னல் உயரத்துக்குப் பனி, அடுப்பு, வெளியே போக முடியாத மூன்று பேர். "ஆமா, அன்னிக்குக் கதவையே தள்ள முடியலயே" என்று அப்பா ரசித்தார். அவருடைய தடித்த ஆள்காட்டி விரல் தாளில் வரிக்கு அடியில் நகர்ந்து வந்தது. மூன்றாம் பத்தி வந்தது. மிரெல் மூச்சு விடாமல் நான்காவதுக்குத் தாவினாள்.

"பொறு, பொறு. ஒண்ணு விட்டுட்டியே கண்ணு."

"அது அவ்வளவு நல்லா வரலப்பா."

"அதெப்படி? டீச்சர் இதுக்குப் பக்கத்துலதான ஆச்சரியக்குறி போட்டிருக்காங்க. இதான் பெஸ்ட்டு போல. படி, படி."

பொய் சொல்ல இன்னொரு வழி இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். கிடைக்கவில்லை. படித்தாள்.

'அப்பா செய்தித்தாள் படிக்கும்போது நாங்கள் பார்க்காத மாதிரி இருப்போம். ஒவ்வொரு வார்த்தைக்கும் அடியில் விரலை வைத்து, சேற்றில் நடப்பவர் மாதிரி அதிலிருந்து அடுத்ததற்குப் போவார். உதடுகள் அசையும். பெரிய வார்த்தை வந்தால் நின்றுவிட்டு, யாராவது கவனிக்கிறார்களா என்று நிமிர்ந்து பார்ப்பார். நாங்கள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம். அவர் அதை அறியமாட்டார்.'

பக்கத்து மேசையில் யாரோ கைதட்டினார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு. அப்பாவின் விரல் தாளிலேயே சற்று நேரம் இருந்தது. பிறகு அதை எடுத்தார். இரண்டு கைகளும் மேசைக்கு அடியில் போய் மடியில் உட்கார்ந்தன. உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார்.

"நல்லாதான் எழுதியிருக்க" என்றார். தலையை ஆட்டி, "அச்சு அசல் நானேதான். மிச்சத்தப் படி" என்றார்.

அவர் கண்கள் தாளில் அலைந்தன. விரல் இல்லாமல் அவருக்கு இடம் அகப்படவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது மிரெலுக்கு. 'சாரி' என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. எதற்கெடுத்தாலும் அதைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டவளுக்கு அதை இங்கே எடுக்கக் கூசியது.

தன் தாளைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து நாற்காலியை இழுத்து அப்பாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவருடைய தாளில், நான்காம் பத்தியின் முதல் வார்த்தைக்கு அடியில் தன் விரலை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக நகர்த்தி நகர்த்திப் படித்தாள்.