பாதியில் நிற்கும் சாப்பர் விற்பனைக்கு

காபிப் பழம் பறிப்பதற்குள் ஷெட் காலியாக வேண்டும் என்பது மனைவியின் உத்தரவு. அதனால்தான் நானே கட்டத் தொடங்கிப் பாதியில் விட்ட சாப்பர் பைக்கை (முன் சக்கரம் நீண்டு நிற்குமே, அந்த வகை) இங்கே விற்பனைக்குப் போட்டேன்.

இன்று காலை அவள் சர்ச்சுக்குப் போயிருந்தபோது, செம்மநத்தத்திலிருந்து ஒருவர் ஜீப்பிலேயே வந்துவிட்டார். பின்னால் தார்ப்பாய் வேறு. கையோடு ஏற்றிப் போகத்தான் வந்திருக்கிறார் என்று டீ போட்டுக் கொடுத்தேன்.

நீட்டி வைத்த முன் ஃபோர்க்கைத் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்க, இவ்வளவு நீளம் வெச்சா கொண்டை ஊசி வளைவுல திரும்பாதுங்களே?"

ஏற்காட்டில் உட்கார்ந்து சாப்பர் கட்டியவனிடம் கேட்கக் கூடாத கேள்வி.

"பழகிட்டா திரும்புங்க" என்றேன். இன்ஜினே இன்னும் மாட்டவில்லை.

"நொம்ப அம்சமா வந்திருக்குங்க. இத்தனை பண்ணிட்டு யாராச்சும் விப்பாங்களா? நீங்களே முடிங்க."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தார்ப்பாயை விலக்கினார். உள்ளே அவருடைய சாப்பர். அதுவும் பாதியில்.

"உங்களுதுல முன்பக்கம் முடிஞ்சிருக்கு, என்னுதுல பின்பக்கம். காசெல்லாம் வேண்டாங்க, இதையும் நீங்களே வெச்சுக்கங்க. ஊட்டுல இருந்தா எம் பொண்டாட்டி பழைய இரும்புக்குப் போட்டுருவா."

வெட்கமில்லாமல் இறக்குவதற்கு நானும் ஒரு கை கொடுத்தேன்.

சர்ச்சிலிருந்து வந்த மனைவி, "வித்தாச்சுங்களா?" என்றாள்.

"ஆள் வந்து பாத்துட்டுப் போயிட்டார்" என்றேன். பொய்யில்லை. ஷெட் சாவி மட்டும் என் சட்டைப் பையில் இருக்கிறது.

ஆகவே, விளம்பரத்தில் சிறு திருத்தம். விற்பனைக்கு இரண்டு வண்டிகள். ஜீப் எடுத்து வாருங்கள். தயவுசெய்து காலி ஜீப்பாக.