கட்டிங் அக்காவின் தலையில் கத்தி வைத்த நாள்

ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் மேசையில் அவள் ஒருத்திதான் பெண். கட்டிங் அக்கா என்பார்கள். தோலை விரித்ததும், எந்தத் துண்டை எப்படித் திருப்பி வைத்தால் வீணாகாது என்று மனசுக்குள்ளேயே புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பாள். "பொம்பளைக்குத் திசையே தெரியாதே, இவ என்ன வெட்டப் போறா?" என்று ஆரம்பத்தில் கேலி செய்தவர்கள்தான் பிறகு சிக்கலான தோலையெல்லாம் அவள் பக்கம் தள்ளினார்கள்.

அவளுக்கு வலது உச்சிக்குப் பின்னால், மூளையில் ஒரு கட்டி. மெல்ல வளருகிற வகை. ஆபரேஷன் தியேட்டரில் ஆயா வேலை பார்க்கிற எனக்கு, அன்று அவள் கையைப் பிடித்துக்கொள்வதுதான் வேலை.

முந்தின நாள் டாக்டர் அவளிடம் சொன்னார்: "உருவத்தை மனசுல திருப்பிப் பாக்கறதுல சராசரியா ஆம்பளைங்க கொஞ்சம் வேகம்னு சில ஆராய்ச்சி சொல்லுது. மூளையில வேலை நடக்கிற இடமும் கொஞ்சம் மாறுதாம். அது கூட்டத்தோட கணக்கும்மா. உங்க மூளை எந்த இடத்துல திருப்புதுன்னு உங்களைத்தான் கேக்கணும். ஆபரேஷன் நடக்கையில, நீங்க முழிச்சிருக்கும்போதே."

"திருப்புறது போச்சுன்னா அந்த மேசையில எனக்கு என்ன வேலை டாக்டர்? அந்த இடம் வந்தா விட்டுடுங்க."

தலையை மரத்துப்போக வைத்துத் திறந்தார்கள். பரிசோதனைக்கார அம்மா கட்டைகளை அடுக்கிய மாதிரி இரண்டு இரண்டு படமாகக் காட்டினார். ஒரே உருவமா, கண்ணாடியில் தெரிகிற எதிர் உருவமா என்று அக்கா சொல்ல வேண்டும். டாக்டர் லேசாக மின்சாரம் பாயும் மெல்லிய கம்பியால் மூளையில் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். தொட்ட இடம் அந்த நேரத்துக்கு மட்டும் வேலை செய்யாது.

"ஒண்ணு." "எதிர்." "ஒண்ணு."

பிறகு, "ஜோடி" என்றாள்.

டாக்டர் கம்பியைத் தூக்கிவிட்டார். அடுத்த படத்துக்கும் "ஜோடி"தான். ஆண்டவரே, இவளைக் கைவிடாதேயும் என்று உள்ளுக்குள் மன்றாடினேன்.

"ஜோடின்னா என்னம்மா?" என்றார் பரிசோதனைக்கார அம்மா.

"அது இடது கால், இது வலது கால். ஜோடிதானே?"

"எதிர்னே சொல்லுங்கம்மா. எனக்கு நெஞ்சு நின்னுடும்" என்றார் டாக்டர்.

"பழக்கதோஷம் டாக்டர்."

கடைசி ஓரத்துக்கு வந்தார்கள். டாக்டர் தொட்டார். அக்காவிடமிருந்து பதில் இல்லை. அவள் நகம் என் உள்ளங்கையில் இறங்கியது.

"படம் அப்படியே நிக்குது. திருப்ப முடியல."

கம்பி விலகியது. "இப்ப திரும்புது. எதிர்."

மறுபடி தொட்டார். "நின்னுடுச்சு."

"இதையும் எடுத்தா கட்டி முழுசா வந்துடும்மா. நேத்து சொன்னதுதானா இப்பவும்?"

அவள் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "விட்டுடுங்க."

வெளியே அவள் புருஷன் எழுந்து நின்றார். "முழுசா எடுத்தாச்சா டாக்டர்?"

"கடுகளவு இருக்கு. அவங்கதான் விடச் சொன்னாங்க. வளருதான்னு அப்பப்போ பாக்கணும்."

அந்த மனிதர் கட்டிலருகே வந்தார். "உசுரை விடத் தோலு பெருசாப் போச்சா உனக்கு?"

"கத்தாதீங்க. தலை வலிக்குது."

அவர் போர்வையை எடுத்து அவள்மேல் விரித்தார். பாதம் இரண்டும் வெளியே கிடந்தன.

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "அகலத்துல போட்டுட்டீங்க. நீளத்துல திருப்பிப் போடுங்க."